ஏழுக்கு எத்தனை

சத்துவாச்சாரி, காலை ஐந்தே முக்கால்.
வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க்.
'எல்லாரும் இன்னைக்குள்ள நிரப்பிடுங்க,
ஆராய்ச்சிக்கு. பத்து நிமிஷம்தான்.'
கீழே கோச் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.
அவர் கும்பிட்டால் அது உத்தரவு.

நாற்பது கேள்வி.
ஒவ்வொன்றின் கீழும் ஏழு வட்டம்.
ஒன்று: சற்றும் பொருந்தாது.
ஏழு: முற்றிலும் பொருந்தும்.
நடுவில் நாலு,
மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று சொல்லாமல்
முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி.

முதல் கேள்விக்கே விரல் பதியவில்லை.
கட்டைவிரல் முழுக்க சாக் பவுடர்.
பனியனில் துடைத்தேன், பனியனில் வியர்வை.
நாலைத் தொட்டேன், ஐந்து கறுத்தது.
போகட்டும் என்று விட்டுவிட்டேன்.
அந்த ஐந்து இப்போது
எந்தச் சராசரிக்குள் போய்க் கால் நீட்டியிருக்கிறதோ.

'கடினமான அசைவுகளை நேர்த்தியாகச் செய்கையில்
உள்ளார்ந்த இன்பம் அடைகிறேன்.'
யார் இப்படிப் பேசுகிறார்கள்?
எங்கள் கொட்டகையில் நேர்த்தியாக ஒன்று விழுந்தால்
யுவராணி கத்துவாள்,
'கம்பி உன் கையில தூங்கினு இருக்குதுடி!'
அதற்கு ஆறு போட்டேன்.

'பிறர் என்னை மதிக்க வேண்டும் என்பதற்காக.'
மூன்று.
ரயில்வே வேலைக்காக என்று ஒரு கேள்வி வரும்
என்று பார்த்துக்கொண்டே போனேன்.
விடுதி முட்டைக்காக என்றும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
அக்கா ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி என்று தைக்கிறாள்.
அவளுக்கு யாரும் லிங்க் அனுப்பவில்லை.

எல்லாக் கேள்வியும் ஒன்றில் தொடங்குகிறது.
எங்கள் கம்பி பதினைந்தில் தொடங்குகிறது.
ஒரு தட்டும் மாட்டாத வெறுங்கம்பி,
பெண்களுக்கானது,
பதினைந்து கிலோ.
எதுவும் பிடிக்காத காலையிலும்
தரையிலிருந்து கிளப்ப அவ்வளவு வேண்டும்.
அதற்கு வட்டம் எங்கே என்று
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

பத்தொன்பது:
'ஏன் இன்னும் வருகிறேன் என்று எனக்கே புரிவதில்லை.'
இரண்டு போட்டேன், சிரித்துக்கொண்டே.
நெட் போய்விட்டது.
போனை ஜன்னலில் வைத்துவிட்டு ஸ்நாட்சுக்குப் போனேன்.

எழுபத்திரண்டு. பின்னால் விழுந்தது.
எழுபத்திரண்டு. முன்னால்.
எழுபத்திரண்டு.
கிளிப் கழன்று தட்டு ஒன்று உருண்டு
வாசலைத் தாண்டி
பால்காரர் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தது.
அவர் எடுத்துக் கொடுக்கக் குனிந்தார்,
முடியவில்லை, என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்தேன். முப்பத்தொன்று.
அதே பத்தொன்பதுதான்,
வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.
ஏழு.

மூன்று நாள் கழித்து ஒரு பெண் பேசினாள்.
ஃபிர்தவ்ஸ், மேல்விஷாரம், ஆய்வு மாணவி.
'தப்பா எடுத்துக்காதீங்க.
பத்தொன்பதுல ரெண்டு, முப்பத்தொண்ணுல ஏழு.
ரெண்டும் ஒரே கேள்விங்க.
அதோட ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகியிருக்கு உங்களுக்கு.
கவனமில்லாத பதில், நீக்கிடுன்னு கைடு சொல்றார்.'

'நடுவுல எழுபத்திரண்டு இருந்துச்சுங்க.'

'இன்னா எழுபத்திரண்டு?'
பதற்றத்தில் அவளுக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

'கிலோ.'

அந்தப் பக்கம் ஏதோ டைப் அடித்தாள், அழித்தாள்.
'இதை எந்தக் கட்டத்துல போடறது' என்றாள்,
என்னிடம் இல்லை.

'ரெண்டை வச்சுக்கட்டுமா, ஏழையா?'
'ரெண்டும் நான் போட்டதுதான்.'

தகரம் சூடேறி டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது,
வேலூர் வெயில் எட்டு மணிக்கே வேலைக்கு வந்துவிடும்.
நான் சும்மா கேட்டேன்:
நீங்க ஏங்க இந்தப் படிப்பு படிக்கறீங்க?
ஏழுக்கு எத்தனை போடுவீங்க?

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
'இன்னைக்கா?' என்றாள்.